ஊர்க்காரரென்று சொன்னேனே: வருந்திப் பாடும் பாட்டை மெட்டுக்குள் எழுதும் முறை

சோகப் பாட்டு வேறு, வருந்தும் பாட்டு வேறு. பிரிந்தவரை நினைத்து அழுவது சோகம். பிரியும்படி தானே ஏதோ ஒன்றைச் செய்தோம் என்று தெரிந்து அழுவது வருத்தம். முன்னதில் பாடுபவர் பாதிக்கப்பட்டவர். பின்னதில் அவரே குற்றவாளி. இந்தக் கோடு அழிந்துபோன பாட்டுகள்தான் நம் திரையிசையில் அதிகம். 'கண்ணீர், ரணம், உயிர், வலி' என்று சொற்கள் வந்து குவியும், ஆனால் பாடுபவர் என்ன தவறு செய்தார் என்று கடைசிவரை தெரியாது.

'கழிவிரக்கம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. கழிந்துபோனதற்கு இரங்குதல் என்பதே அதன் பொருள். இன்று அதைத் தன்னிரக்கம் என்ற பொருளில் பலர் எழுதுகிறார்கள். சொல்லுக்கு நடந்த இதே விபத்துதான் பாட்டுக்கும் நடக்கிறது: கழிந்த செயலை விட்டுவிட்டு 'ஐயோ நான்' என்று இறங்கிவிடுகிறது.

வருத்தம் உட்காரும் இடம் பெயர்ச்சொல் அல்ல, வினைச்சொல். 'நான்' என்ற எழுவாயும் திருப்பி எடுக்க முடியாத ஒரு வினைமுற்றும் அமைந்துவிட்டால் பாதிப் பாட்டு முடிந்தது. கீழே உள்ள முறை, மெட்டு முதலில் வந்து அதற்கு வரி எழுதும் வழக்கத்துக்கானது. எடுத்துக்காட்டுக்காக ஒரே பாட்டைத் தொடக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு போவோம்.

படி 1: குற்றத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

மெட்டைக் கேட்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். வாக்கியத்தில் நான்கு இருக்க வேண்டும்: யார், யாரிடம், எங்கே, என்ன செய்தார். 'அப்பாவின் அருமை தெரியாமல் இருந்தேன்' என்பது போதாது. அது செயல் அல்ல, நிலை. அதை யாரும் பார்க்க முடியாது.

நம் எடுத்துக்காட்டு இது: கிராமத்திலிருந்து சோற்றுத் தூக்கோடு கல்லூரி வாசலுக்கு வந்து நின்ற அப்பாவை, 'யாருடா?' என்று கேட்ட நண்பர்களிடம் 'ஊர்க்காரர்' என்று சொன்னான் மகன்.

இதில் அடி இல்லை, திட்டு இல்லை, வீட்டைவிட்டு ஓடவில்லை. ஒரே ஒரு சொல். குற்றம் சிறியதாக இருக்கட்டும். கொலை செய்தவனின் வருத்தத்தைக் கேட்பவர் வெளியே நின்று பார்ப்பார். இதுபோன்ற ஒன்றை ஏறக்குறைய எல்லாரும் செய்திருப்பார்கள், அதனால் உள்ளே வந்துவிடுவார்கள்.

'ஊர்க்காரர்' என்ற சொல்லை இன்னொரு முறை பாருங்கள். 'ஊர்க்காரன்' என்று அவன் சொல்லவில்லை. மரியாதை விகுதி போட்டிருக்கிறான். அந்த மரியாதைதான் அப்பாவை அந்நியராக்குகிறது. இப்படித் தனக்குள்ளேயே முள் வைத்திருக்கும் சொல் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: யாரைப் பார்த்துப் பாடுகிறார்?

மூன்று வழி உண்டு. பாதிக்கப்பட்டவரைப் பார்த்து, தன்னைப் பார்த்து, அல்லது மூன்றாம் ஆளிடம். முதல் வழிக்கே வலு அதிகம். அவர் இறந்திருந்தால் இன்னும் அதிகம், ஏனென்றால் பதில் வராது.

முன்னிலை முடிவானதும் 'நீ'யா 'நீங்கள்'ளா என்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள். அப்பாவை 'நீங்க' என்று அழைக்கும் வீடுகள் ஏராளம். ஆனால் பாட்டில் 'நீ' என்பதைக் கேட்பவர் ஏற்றுக்கொள்வார், கடவுளை 'நீ' என்று பாடிப் பழகிய காது அது. தவிர, 'நின்றீர்களே' என்பதில் இருக்கும் ஒலிகளுக்கு மெட்டில் இடம் கிடைப்பது அரிது. எது வேண்டுமானாலும் வைக்கலாம், பல்லவியில் 'நின்றாயே' என்றும் சரணத்தில் 'சொன்னீங்களே' என்றும் மட்டும் மாறக் கூடாது. மெட்டு இழுக்கும்போது கவனிக்காமல் விழும் பிழை இது.

படி 3: வினையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். வருத்தத்தைச் சொல்லத் தமிழில் தனித்தனிக் கருவிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை வருத்தம்.

'சொல்லிவிட்டேன்': விடு என்ற துணைவினை கதவைச் சாத்துகிறது. முடிந்தது, இனித் திரும்பாது. பேச்சில் 'சொல்லிட்டேன்', தெற்கே 'சொல்லிப்புட்டேன்'.

'சொல்லித் தொலைத்தேன்': தன்மேல் எரிச்சல். அழுகைப் பாட்டுக்குச் சேராது, குத்துப் பாட்டில் வரும் வருத்தத்துக்குச் சேரும்.

'சொல்லாமல் போனேன்', 'சொல்லாமல் விட்டேன்': செய்யாததற்கான வருத்தம். இரண்டும் ஒன்றல்ல. 'போனேன்' தற்செயல் போல ஒலிக்கும். 'விட்டேன்' என்பதில் அவனுக்குத் தெரிந்தே நடந்தது என்ற சாயல் இருக்கும். குற்றத்தைப் பாடுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் 'விட்டேன்'.

'சொல்லியிருக்கலாம்': வாய்ப்பு இருந்தது, தவறவிட்டேன். எண்ணிப் பாருங்கள்: சொல், லி, யி, ருக், க, லாம் என்று ஆறு ஒலித்துண்டு. எட்டுத் துண்டு உள்ள வரியில் இது வந்தால் மிச்சம் இரண்டுதான். ஆகவே இந்த வடிவத்தை நீளமான வரிக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

'சொல்லியிருந்தால்': இதை எழுதிவிட்டு நிறுத்திவிடலாம். மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். இலக்கணத்தில் இதற்கு ஒழியிசை என்று பெயர், சொல்லாமல் ஒழிந்த சொற்களைக் குறிப்பால் தருவது. 'சொல்லியிருந்தால் நீ வாழ்ந்திருப்பாய்' என்று முடித்துவைப்பவர் கேட்பவரின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்.

கழிந்ததற்கு இரங்கவென்றே பழந்தமிழில் ஓர் இடைச்சொல் இருந்தது: மன். கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் அதற்கு உண்டு என்கிறது தொல்காப்பியம். அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், அதெல்லாம் போயிற்றே என்று பொருள். 'அதெல்லாம் போயிற்றே' என்ற முழு வாக்கியத்தையும் 'மன்' என்ற ஒரே இடைச்சொல் சுமக்கிறது. இன்று மன் வழக்கில் இல்லை. அதன் வேலையைச் செய்வது வினையின் கடைசியில் ஒட்டும் ஏகாரம்தான்: சொன்னேன் என்பது தகவல், சொன்னேனே என்பது வருத்தம்.

ஏகாரத்துக்குப் பக்கத்தில் ஓகாரத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் சொன்னதைவிட நல்ல பாடம் கிடையாது: 'யானோ அரசன் யானே கள்வன்'. ஓ மறுக்கிறது, ஏ ஒப்புக்கொள்கிறது. கண்ணீர் என்ற சொல் இல்லை, மன்னிப்பு என்ற சொல் இல்லை. நான்கே சொல்லில் தீர்ப்பைத் தனக்கே எழுதிக்கொள்கிறான்.

நம் பாட்டுக்கும் இந்த இரண்டையும் எடுத்துக்கொள்வோம். தான் செய்ததற்கு ஏ. அப்பாவுக்கு அது காதில் விழுந்ததா என்பது அவனுக்குத் தெரியாது, அதற்கு ஓ.

படி 4: மெட்டைத் தத்தகாரமாகப் பிரியுங்கள்

இசையமைப்பாளர் தரும் ஒலிப்பதிவில் பெரும்பாலும் 'லாலா' இருக்கும், சில சமயம் ஏதோ டம்மி வரி இருக்கும். டம்மி வரியைக் கேட்டவுடனே தத்தகாரமாக, அதாவது 'தன்ன தானே' போன்ற பொருளற்ற ஒலிகளாக, மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள். மறக்காவிட்டால் அதன் சொற்கள் உங்கள் வரிக்குள் புகுந்துவிடும்.

குறுகிய சுரத்துக்கு 'த' அல்லது 'ன'. நீண்டதற்கு 'தா', 'னா'. குறிலுக்குப்பின் ஒற்று விழும் இடத்துக்குத் 'தன்'. செய்யுளில் எண்ணுவது போல நேர், நிரை என்று எண்ணினால் இங்கே சிக்கும். 'செருப்' யாப்பில் ஒரே நிரையசை, மெட்டில் அதற்கு இரண்டு சுரம் வேண்டும். ஆகவே உயிர் ஒலிகளைத்தான் எண்ண வேண்டும்.

பல்லவி மெட்டு இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

தாந்தான தன்ன தன்னானே
தாந்தான தன்ன தன்னானே
தாந்தானா தன்னா தாந்தானா

முதல் இரண்டு வரியும் ஒரே நடை. மூன்றாவது மேலே ஏறி, நெடில் கூடி நிற்கிறது. ஒவ்வொன்றிலும் எட்டுத் துண்டு. முதல் வரியில் மூன்றாவது துண்டும் ஐந்தாவது துண்டும் குறுகியவை, மற்றவை நீண்டவை.

முதலில் வரும் வரி: 'ஊர்க்காரர் என்று சொன்னேனே'. பிரித்துப் பாருங்கள்: ஊர்க், கா, ரர், என், று, சொன், னே, னே. எண்ணிக்கை சரி. ஆனால் மூன்றாவது இடத்தில் 'ரர்' என்று ஒற்றோடு கனமாக விழுகிறது, மெட்டு அங்கே குறுக்கத்தைக் கேட்கிறது. பாடகர் அதை விழுங்கித்தான் பாடுவார்.

சொல்லை மாற்ற வேண்டியதில்லை. புணர்ச்சி போதும்: ஊர்க்காரரென்று. இப்போது ஊர்க், கா, ர, ரென், று. மூன்றாவது துண்டு 'ர', குறில். தாந்தான தன்ன. பொருந்திவிட்டது. புணர்ச்சி விதிகள் பள்ளியோடு முடிந்துவிட்டன என்று நினைப்பவர்களுக்கு மெட்டு இப்படித்தான் பதில் சொல்லும்.

இரண்டாவது வரி: சோற்றோடு வந்து நின்றாயே. சோற், றோ, டு, வந், து, நின், றா, யே. அப்படியே உட்காருகிறது.

மூன்றாவது: கேட்டாயோ அப்பா கேட்டாயோ.

ஆக,

ஊர்க்காரரென்று சொன்னேனே
சோற்றோடு வந்து நின்றாயே
கேட்டாயோ அப்பா கேட்டாயோ

ஏ, ஏ, ஓ என்று இயைபு விழுந்திருக்கிறது. 'சொன்னேனே' என்பதற்கு அடுத்த வரி 'சோற்றோடு' என்று தொடங்குவதால் சொ–சோ ஒலியும் கைகோக்கிறது. பல்லவியில் எதுகை இல்லை. இருக்கட்டும். வாக்குமூலம் தடங்கலில்லாமல் வர வேண்டிய இடத்தில் எதுகை தேடி 'நார்க்கூடை' என்று கொண்டுவந்து நிறுத்துவது பாவம்.

இதையே பேச்சு வழக்கில் எழுதலாமே என்று தோன்றும். 'ஊர்க்காரருன்னு சொன்னேனே' என்பது அளவிலும் பொருந்துகிறது. இரண்டாவது வரியில் இடிக்கும்: 'சோத்தோட வந்து நின்னியே'. ஏழாவது துண்டு 'னி' குறில், மெட்டு அங்கே நெடில் கேட்கிறது. பாடகர் இழுத்தால் 'நின்னீயே' ஆகிவிடும், அப்படி எந்த ஊரிலும் சொல்வதில்லை. எனவே இந்த மெட்டுக்கு எளிய எழுத்து நடைதான். பேச்சு நடையே வேண்டுமானால் ஏழாவது சுரத்தைக் குறுக்கித் தரும்படி இசையமைப்பாளரிடம் கேளுங்கள். பல்லவி பதிவாகும் முன்பு கேட்டால் மாற்றித் தருவார்கள்.

படி 5: எந்த ஒலியை நீட்டலாம், எதை நீட்டக் கூடாது

தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல்லாகிவிடும். விடு வீடாகும், கொடு கோடாகும், மலை மாலையாகும். மெட்டில் நீளும் சுரம் வரும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, வட்டத்துக்குள் நெடில் மட்டும் வைக்க வேண்டும். 'மறந்தேன்' என்றால் நீளலாம் என்பது 'தேன்' மட்டுமே. 'ம' நீண்டால் 'மாறந்தேன்', பொருளே இல்லை.

வரியின் கடைசிச் சுரம் நின்று ஒலிப்பதாக இருந்தால் ஆ, ஏ, ஓ வைத்து முடியுங்கள். வாய் திறந்திருக்கும், குரல் தேயாது. ஈ, ஊ மேல் ஸ்தாயியில் தொண்டையை இறுக்கும். ன், ம் ஆகிய மெல்லின ஒற்றுகளில் முடித்தால் ஹம்மிங் போல இழுக்கலாம், அடங்கிப்போகும் வருத்தத்துக்கு அது நன்றாகவே இருக்கும்.

குற்றியலுகரத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். வந்து, விட்டு, செருப்பு என்ற சொற்களின் கடைசி உகரத்துக்கு அரை மாத்திரைதான். நீளும் சுரத்தில் 'செருப்பு' வைத்தால் பாடகர் 'செருப்பூ' என்பார். அழ வேண்டிய இடத்தில் பூ பூத்துவிடும். மெட்டு கடைசிச் சுரத்தை வெட்டி நிறுத்தும் இடங்களில் மட்டும் இந்தச் சொற்களை வையுங்கள்.

ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்டு சிவரஞ்சனியிலோ சுபபந்துவராளியிலோ இருந்தால் அழுகையின் முக்கால் பங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்போது வரியும் அழுதால் இரட்டிப்பாகித் திகட்டும். மெட்டு எவ்வளவு உருகுகிறதோ வரி அவ்வளவு வறண்டு இருக்கட்டும். மெட்டு மகிழ்ச்சியாக இருந்தால்தான் வரிக்கு வேலை அதிகம்.

படி 6: முதல் சரணம், கண்ணால் பார்த்தவை மட்டும்

வாக்குமூலம் பல்லவியிலேயே முடிந்துவிட்டது. சரணம் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். நான்கு வரி என்றால் இரண்டு பொருள், ஒரு முகம், ஒரு செயல் போதும். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட வேண்டாம்.

மெட்டு: தான தான தனந்த, நான்கு முறை. நீளம், குறுக்கம் என்று மாறி மாறி வந்து, கடைசித் துண்டில் வெட்டி நிற்கும் நடை.

ஊக்கு வைத்த செருப்பு
தூக்கு வாளி கனத்து
வேர்த்து நின்ற முகத்தைப்
பார்த்து மெல்ல நகர்ந்தேன்

ஊக்கு–தூக்கு, வேர்த்து–பார்த்து என்று எதுகை இரண்டிரண்டாக விழுகிறது. 'செருப்பு', 'கனத்து' இரண்டும் குற்றியலுகரத்தில் முடிகின்றன, மெட்டு வெட்டி நிற்பதால் பாதகமில்லை. வார் அறுந்த செருப்புக்கு ஊக்கு மாட்டியிருப்பது வறுமை என்ற சொல்லைத் தேவையில்லாமல் ஆக்குகிறது. வாளி கனக்கிறது என்றால் ஒருவருக்கு மட்டும் கொண்டுவந்த சோறு அல்ல, நண்பர்களுக்கும் சேர்த்துத்தான். அதை வரியில் எழுத வேண்டாம். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிபடும், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள்.

கடைசி வரியின் முதல் வடிவம் 'பார்த்து உள்ளம் துடித்தேன்' என்று வரக்கூடும். எண்ணிக்கை பொருந்தும். ஆனால் அது பொய். அன்று அவனுக்குத் துடிக்கவில்லை, வெட்கமாக இருந்தது. இன்றைய வருத்தத்தை அன்றைய காட்சிக்குள் தள்ளினால் அவன் நல்லவனாகிவிடுவான், பாட்டு படுத்துவிடும். 'மெல்ல நகர்ந்தேன்' என்பதில் நடந்தது மட்டும் இருக்கிறது. 'மெல்ல' என்ற சொல்லில் திருட்டுத்தனமும் இருக்கிறது.

அடுத்து, சரணத்திலிருந்து பல்லவிக்கு இழுத்துக்கொண்டு போகும் வரி. இது பல்லவியின் நடையிலேயே இருந்தால் மூட்டு தெரியாது:

யாரென்று கேட்ட நேரத்தில்

உடனே 'ஊர்க்காரரென்று சொன்னேனே'. முதல் முறை பல்லவி கேட்டபோது ஏன் சொன்னான், யாரிடம் சொன்னான் என்று தெரியாது. இப்போது அதே வரி ஒரு கேள்விக்குப் பதிலாக நிற்கிறது. எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. பல்லவி திரும்ப வருவதற்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் மறுஒலிபரப்பு.

தொகையறா கேட்டால், அதாவது தாளம் தொடங்கும் முன் இரண்டு வரி கேட்டால், இடத்தையும் நேரத்தையும் அதில் வைத்துவிடுங்கள்: கல்லூரி வாசல், மதியம், காவல்காரர் கூப்பிட்டுவிட்டது. வாக்குமூலத்தை அங்கே செலவழித்தால் பல்லவி காலியாக நிற்கும்.

படி 7: இரண்டாம் சரணமும் திரும்பிய பல்லவியும்

முதல் சரணத்துக்குப்பின் இடையிசை வரும். கேட்பவருக்கு அது சில நொடி, கதைக்கு அது பத்து இருபது வருடம். இரண்டாம் சரணம் காலத்தைத் தாண்டியே ஆக வேண்டும். முதல் சரணத்தின் பக்கத்திலேயே இன்னொரு நினைவை அடுக்குவதுதான் பெரும்பாலான வருந்தும் பாட்டுகள் நடுவில் தொய்வதற்குக் காரணம்.

'இப்போது என் மகன் என்னை அப்படிச் சொல்கிறான்' என்று கணக்குத் தீர்க்கத் தோன்றும். வேண்டாம். பழிக்குப் பழி வந்தவுடன் கடன் அடைந்துவிடுகிறது. வருந்துபவருக்குக் கடன் அடையக் கூடாது.

இறப்பைத் தொடலாம், ஆனால் சாவைப் பாடாமல் தாமதத்தைப் பாடுங்கள்:

சங்கு ஊதி முடித்த
பின்பு வந்து இறங்கி

சங்கு, பின்பு இரண்டிலும் இரண்டாம் எழுத்து மெல்லினம், ஆகவே இன எதுகை. பிணம், பாடை, கண்ணீர் எதுவும் இல்லை. சங்கு ஊதி முடித்தார்கள், இவன் பேருந்திலிருந்து இறங்கினான். மீதி இரண்டு வரியில், தூக்கிச் சென்றவர்கள் யார் என்பது வந்தால் போதும். தூக்கியவர்கள் ஊர்க்காரர்கள். அவன் ஒருநாள் பொய்யாகச் சொன்ன உறவை அவர்கள் மெய்யாக்கியிருக்கிறார்கள்.

பிறகு கடைசிப் பல்லவி. முதல் வரியில் இரண்டு இடம் மட்டும் மாறுகிறது:

ஊர்க்காரனாக நின்றேனே

ஊர்க், கா, ர, னா, க, நின், றே, னே. அதே தாந்தான தன்ன தன்னானே. 'ஊர்க்காரன் ஆக' என்று பிரித்து எழுதியிருந்தால் மூன்றாவது துண்டு மறுபடி கனத்திருக்கும், புணர்ச்சி மறுபடியும் காப்பாற்றியது. அப்பாவுக்கு அன்று கொடுத்த 'ர்' விகுதி இவனுக்கு இல்லை, 'ன்' தான். இந்த மாற்றத்தைப் பாட்டில் விளக்கவே கூடாது. நடிகரின் முகத்தை அந்த நேரத்தில் காட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அது நம் கையில் இல்லை.

பாட்டு எங்கே கெடுகிறது

விதி, காலம், கடவுள் மூன்றும் பொறுப்பைக் கைமாற்றும் சொற்கள். 'விதி செய்த பிழை' என்று எழுதியவுடன் அவன் விடுதலை ஆகிறான். 'ஏன் என்னைத் தடுக்கவில்லை' என்று எதிராளியைக் கேட்பதும் அப்படித்தான். காதல் தோல்விப் பாட்டு என்ற பெயரில் பெண்ணைத் திட்டுபவை வருந்தும் பாட்டுகளே அல்ல, புகார் மனுக்கள்.

மன்னிப்புக் கேட்பது இன்னொரு பொறி. 'மன்னித்துவிடு' என்றால் பாட்டு ஒரு கோரிக்கையாகி, பதிலை எதிர்பார்க்கத் தொடங்கும். கதையில் எதிராளி உயிரோடு இருந்து, அடுத்த காட்சியில் சேரப்போகிறார் என்றால் மட்டும் வையுங்கள்.

உவமை ஒன்றுக்கு மேல் போனாலும் கவனம் சிதறும். 'முள்ளில் விழுந்த சேலை', 'கரையேறிய மீன்' என்று அடுக்குகிறவனுக்குத் தன் குற்றத்தைவிடத் தன் கவித்துவத்தின் மேல் அக்கறை என்று கேட்பவர் நினைப்பார். மேலே கட்டிய பாட்டில் உவமை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நிரப்பிச் சொற்களைக் கடைசியில் ஒருமுறை வேட்டையாடுங்கள்: 'தான்', 'அங்கு', 'இன்று', 'அன்பே', 'நெஞ்சம்'. எடுத்துவிட்டாலும் பொருள் மாறாத சொல் எல்லாம் நிரப்பி. அளவுக்காக அது தேவைப்படுகிறது என்றால் அந்த வரியில் ஒரு வினைச்சொல் குறைகிறது என்று பொருள்.

பாடகருக்குக் கொடுக்கும் தாள்

வரிகளைப் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கையால் எழுத இடம் விட்டு அச்சிடுங்கள். புணர்ந்த சொல்லைச் சேர்த்தே அச்சிட வேண்டும். 'ஊர்க்காரர் என்று' எனப் பிரித்துக் கொடுத்தால் பாடகர் அப்படியே மூச்சு விட்டுப் பிரித்துப் பாடுவார், செய்த வேலை எல்லாம் வீண். தமிழ் படிக்கத் தெரியாத பாடகர் தன் எழுத்தில் எழுதிக்கொள்ளும்போது பக்கத்தில் இருங்கள். ற–ர, ல–ள–ழ, ன–ண, குறில்–நெடில் ஆகியவை அந்த நேரத்தில்தான் தவறும். 'கேட்டாயோ' என்பதன் முதல் நெடில் குறுகினால் 'கெட்டாயோ' ஆகி அப்பாவைச் சபிக்கும் பாட்டாகிவிடும். இந்தப் பாட்டில் மிக ஆபத்தான எழுத்து அதுதான், சிவப்பில் வட்டமிடுங்கள்.

மூச்சு எடுக்கும் இடம் வரி முடிவில் மட்டும். 'வந்து' என்பதற்கும் 'நின்றாயே' என்பதற்கும் நடுவே மூச்சு விட்டால் அப்பா வந்தது ஒரு செய்தியாகவும் நின்றது வேறு செய்தியாகவும் பிரிந்துவிடும்.

விம்மல் வேண்டுமா என்று பாடகர் கேட்பார். முதல் இரண்டு பல்லவிக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி 'கேட்டாயோ'வில் அவராக உடைந்தால் உடையட்டும். உடையாமல் நேராகப் பாடிய ஒரு டேக்கையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒலிக்கலவையின்போது பெரும்பாலும் அதுதான் தேறும்.